மேத் டீமா, ஏஎம்சியா, வீட்டிலிருந்தே நிரூபணமா? ஒன்பதாம் கிரேடில் எதைத் தொடங்குவது

செப்டம்பரில் பள்ளி திறந்த கையோடு அமெரிக்க ஹைஸ்கூல்களில் கிளப் ஃபேர் வரும். மேத் டீம், அதாவது பள்ளியின் கணக்குப் போட்டி அணி, அதன் மேசையில் ஒரு பெயர்ப் பட்டியல் கிடக்கும். ஒன்பதாம் கிரேடு பிள்ளை அதில் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சொல்லும். அன்று ராத்திரியே கேள்வி கிளம்பிவிடும்: மேத் டீமில் சேர்ந்து, பல பள்ளிகள் கூடி மோதும் மீட்டுக்கு மாதம் ஒரு முறை போய்வருவதா, அந்த நேரத்தை ஏஎம்சி என்ற நாடளாவிய கணக்குத் தேர்வுக்குத் தயாராவதில் போடுவதா? இரண்டும் கணக்குதானே, ஏதாவது ஒன்று போதாதா?

பெற்றோர் வாட்ஸப் குழுவில் கேட்டால் எது பெரிய போட்டி என்ற தராசில்தான் நிறுப்பார்கள். ஒன்பதாம் கிரேடுக்கு அந்தத் தராசு உதவாது. அதைவிட உருப்படியான அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள்?

டெக்ஸாஸில் பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடத்தும் யுஐஎல் அமைப்பின் நம்பர் சென்ஸ் போட்டியில் 10 நிமிடத்துக்கு 80 கணக்கு. ஒன்றுக்கு ஏழரை விநாடி. ஏஎம்சியில் 75 நிமிடத்துக்கு 25 கணக்கு. ஒன்றுக்கு 3 நிமிடம். நியூ இங்கிலாந்து லீக் மீட்டில் பத்து நிமிடத்துக்கு மூன்று. ஒன்றுக்கு 3 நிமிடம் 20 விநாடி. ஹார்வர்ட்-எம்ஐடி போட்டியான ஹெச்எம்எம்டியின் தனிநபர் தாளில் 50 நிமிடத்துக்கு 10 கணக்கு. ஏஎம்சியில் தேறியவர்கள் எழுதும் ஏஐஎம்இயில் 3 மணி நேரத்துக்கு 15. ஒன்றுக்கு 12 நிமிடம். அதையும் தாண்டினால் யுஎஸ்ஏ மேத் ஒலிம்பியாட்: இரண்டு நாளில் 9 மணி நேரம், மொத்தமே 6 கணக்கு. வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் யுஎஸ்ஏஎம்டிஎஸ்ஸில் 5 கணக்குக்கு வாரக்கணக்கில் அவகாசம்.

ஏழரை விநாடிக்கு வேண்டியது மனக்கணக்கும் கையோட்டமும். மூன்று நிமிடத்துக்கு வேண்டியது, பார்த்த மாத்திரத்தில் இது எந்த வகை என்று பிடிக்கும் கண். பன்னிரண்டு நிமிடத்துக்கு, முதல் வழி அடைபட்டால் பதறாமல் இரண்டாவது வழியைத் தேடும் பொறுமை. வாரக்கணக்கில் கிடைத்தால், விடை தெரிந்த பிறகும் அது ஏன் சரி என்று எழுதிக் காட்டும் ஒழுங்கு. ஒரே பிள்ளைக்கு இந்த நான்கும் ஒரே வருடத்தில் வராது. எதை முதலில் வளர்ப்பது என்பதுதான் நீங்கள் எடுக்கும் முடிவு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்பதாம் கிரேடில் பள்ளி மேத் டீம்தான் சரியான வாசல். ஏஎம்சியை அந்த வருடத்தில் ஒரு நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாம். எந்தப் பிள்ளைக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறோம்.

லீக் மீட்டில் என்ன நடக்கிறது

நியூ இங்கிலாந்து பாணி மீட்டை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை லீக்குக்கு லீக் மாறும், அமைப்பு ஏறக்குறைய இதுதான். கடைசிப் பீரியடை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பஸ்ஸில் கிளம்புவார்கள். பல பள்ளிகள் ஒரு பள்ளியின் கஃபெட்டீரியாவில் கூடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு தலைப்பு: எண்ணியல், அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, டிரிக்னாமெட்ரி என்று. ரவுண்டுக்கு மூன்று கணக்கு, பத்து நிமிடம். முதல் கணக்குக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3. ஒருவர் மூன்று ரவுண்டு எழுதலாம் என்றால் அதிகபட்சம் 18. கடைசியில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து போடும் டீம் ரவுண்டு.

இந்த அமைப்பில் பெரிய வசதி, எந்த மீட்டில் எந்தத் தலைப்பு என்று வருடத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவது. அடுத்த மீட்டில் ஜியோமெட்ரி ரவுண்டு ஒத்த முக்கோணங்கள் பற்றியது என்றால், ஒரு மாதம் அதை மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஏஎம்சியில் அப்படி எதுவும் தெரியாது. 25 கணக்கும் எங்கிருந்தும் வரும். புதிதாக வரும் பிள்ளைக்கு ஒரு மாதம் ஒரு தலைப்பு என்பது செரிக்கக்கூடிய அளவு.

சரிந்துபோகும் இடங்களும் தெரிந்தவையே. லீக் மீட்டில் பாதிப் புள்ளி கிடையாது. உதாரணத்துக்கு ஒரு புள்ளிக் கணக்கு ஒன்று: எண்கோட்டில் 3இலிருந்தும் −2இலிருந்தும் உள்ள தூரங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும், அந்த எண்கள் எவை? 4 என்று உடனே தோன்றும்: 3க்கு ஒன்று, −2க்கு ஆறு, கூட்டினால் ஏழு. எழுதிவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடிவிடுவார்கள். இடது பக்கத்தில் −3ம் இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதினால் பூஜ்யம். கணக்கு தெரியாமல் போகும் புள்ளிகளைவிட இப்படிப் போகும் புள்ளிகள் முதல் வருடத்தில் அதிகம்.

விடையின் வடிவம் இன்னொரு பொறி. பின்னத்தைச் சுருக்காமல் விடுவது, π என்று விட வேண்டியதை 3.14 ஆக்கி எழுதுவது, பின்னத்தின் பகுதியில் வர்க்கமூலத்தை அப்படியே விடுவது, வரிசைச் சோடியாகக் கேட்டதற்கு இரண்டு எண்ணைத் தனித்தனியாக எழுதுவது. எது செல்லும், எது செல்லாது என்று லீக்கின் விதித்தாளில் இருக்கும். முதல் மீட்டுக்கு முன் கோச்சிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

பத்து நிமிடத்தைப் பங்கிடுவதில் எங்கள் பரிந்துரை இப்படி: முதல் கணக்குக்கு இரண்டு நிமிடம், இரண்டாவதுக்கு மூன்று. பிறகு மூன்றாவதைத் தொடுவதற்கு முன், முதல் இரண்டையும் ஒரு நிமிடம் திரும்பப் பார்த்துவிடுங்கள். மிச்ச நாலு நிமிடம்தான் மூன்று புள்ளிக் கணக்குக்கு. மூன்று ரவுண்டிலும் முதல் இரண்டை மட்டும் பிசகாமல் எடுக்கும் பிள்ளைக்கு 9 புள்ளி. மூன்றாவதின் பின்னால் ஓடி முதல் இரண்டில் ஒன்றைக் கோட்டைவிடுபவரைவிட அணிக்கு இவர்தான் பலம்.

யார் எந்த ரவுண்டு எழுதுவது என்பதைக் கோச் கட்டம் போட்டுப் பிரிப்பார். ஆறு பேர், ஆறு ரவுண்டு, ஆளுக்கு மூன்று என்றால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மூன்று பேர். சீனியர்கள் டிரிக்னாமெட்ரியையும் ப்ரீகால்குலஸையும் எடுத்துக்கொள்வார்கள். அல்ஜீப்ரா ஒன்றுக்கும் எண்ணியலுக்கும் நம்பகமான ஜூனியர் தேவைப்படும். ஒன்பதாம் கிரேடு பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். எண்ணியல் பள்ளிப் பாடத்தில் கிட்டத்தட்ட இல்லாத பகுதி என்பதால், அதைக் கோடையிலேயே கொஞ்சம் படித்து வைத்திருப்பவரைக் கோச் கவனிப்பார். வகுத்தல் மீதி, பகா எண் காரணிகள், காரணிகளின் எண்ணிக்கை, கடைசி இலக்கம்: ஆரம்பத்துக்கு இந்த நான்கும் போதும்.

எண்களை விட்டுவிட்டு ஒரு விஷயம். தமிழ்நாட்டில் படித்து வந்த பெற்றோருக்குக் கணக்கு என்றால் தனியாக உட்கார்ந்து போடுவதுதான். பக்கத்தில் இருப்பவன் போட்டியாளன், அவன் தாளைப் பார்ப்பது தப்பு. டீம் ரவுண்டில் அது தலைகீழாகிறது. "எனக்கு இது வரல, நீ பாரு" என்று தாளைத் தள்ளிவிடவும், "நீ போட்டதில் இந்த வரி தப்பு" என்று பதினேழு வயதுப் பையனிடம் பதினான்கு வயதுப் பெண் சொல்லவும் அங்கே இடம் இருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த மூன்றாவது கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் தராதது அது. மேத் டீமை நாங்கள் முதலில் வைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

குறைகளும் உண்டு. ஒரு மீட் ஒரு முழு மதியத்தைத் தின்றுவிடும். சில பள்ளிகளில் பயிற்சியே நடக்காது. மீட் அன்று மட்டும் கூடுவார்கள். பெரிய பள்ளிகளில் தேர்வு வைத்து அணி எடுப்பார்கள், ஒன்பதாம் கிரேடு பிள்ளைக்கு ஆல்டர்னேட், அதாவது மாற்று ஆள், இடம்தான் கிடைக்கும். முதல் மீட்டில் 18க்கு 3 எடுத்துவிட்டு அழுகையோடு வரும் பிள்ளையும் உண்டு. அது சாதாரணம் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்றாவது மீட் வரை விடக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது உதவும்.

மாநிலம் மாறினால் விளையாட்டும் மாறும்

டல்லஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோ இருக்கும் குடும்பத்துக்கு மேலே சொன்ன மீட் பொருந்தாது. அங்கே பள்ளி அணி என்றால் பெரும்பாலும் யுஐஎல். நம்பர் சென்ஸில் எந்தக் கணக்கையும் தாளில் போட்டுப் பார்க்கக் கூடாது. விடையை மட்டும் எழுத வேண்டும். எழுதியதை அடித்துத் திருத்தினாலோ மேலே எழுதினாலோ அந்த விடை தப்பு. ஒவ்வொரு பத்தாவது கணக்கும் நட்சத்திரக் குறியோடு வரும் மதிப்பீட்டுக் கணக்கு. சரியான விடையிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

புள்ளி முறைதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. சரியானால் 5. தப்பானாலும், கடைசியாகத் தொட்ட கணக்குக்கு முன்னால் தாண்டிப் போயிருந்தாலும், 4 கழியும். கடைசியாகத் தொட்டது 40ஆவது, அதில் ஐந்து தப்பு அல்லது விட்டது என்றால்: 35 ஐந்துகள் 175, அதில் 20 போனால் 155. இப்போது அந்தப் பிள்ளை 47ஆவது கணக்கு சுலபமாக இருக்கிறது என்று ஆறு கணக்கைத் தாண்டி அதை எழுதுகிறது என்று வையுங்கள். கிடைப்பது 5, போவது 24. ஏஎம்சியில் பழகியவர்களுக்கு, தெரியாததை விட்டுவிட்டு சுலபமானதைத் தேடுவது ஊறிப்போன பழக்கம். இங்கே அதுவே எதிரி. வரிசையாகப் போக வேண்டும், கை நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

தினம் பத்து நிமிடம் கடிகாரத்தை வைத்துப் பழகினால் நம்பர் சென்ஸில் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். 97ஐ 96ஆல் பெருக்க, நூறுக்கு மூன்றும் நாலும் குறைவு: 100இலிருந்து 7 போனால் 93, மூணு நாலு பன்னிரண்டு, ஆக 9312. 65இன் வர்க்கம்: ஆறை ஏழால் பெருக்கி 42, பக்கத்தில் 25, 4225. வாய்ப்பாடு சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தாய்வீடு மாதிரி. ஆனால் ஒரு எச்சரிக்கை: இதிலேயே நான்கு வருடம் ஓடினால் நிதானமாக யோசிக்கும் பழக்கம் தனியாக வளராது. யுஐஎல்லிலேயே மேத்தமாடிக்ஸ் என்ற இன்னொரு போட்டி உண்டு: 40 நிமிடம், 60 கணக்கு, சரிக்கு 6, தப்புக்கு 2 கழியும், கால்குலேட்டர் அனுமதி. இரண்டிலும் பெயர் கொடுத்து, கூடவே ஏஎம்சியும் எழுதினால் ஓரளவு சமன் ஆகும்.

புளோரிடாவில் மேத் டீம் என்றால் மு ஆல்ஃபா தீட்டா. 1957இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமைப்பு அது. படிக்கும் பாடத்துக்கு ஏற்பத் தீட்டா, ஆல்ஃபா, மு என்று பிரிவுகள். ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா டூவும் படிக்கும் பிள்ளை தீட்டாவில் எழுதும், கால்குலஸ் படிப்பவர்கள் மு. ஒரு மணி நேரம், 30 கணக்கு, ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தாவது எப்போதும் நோட்டா. தேர்தலில் நாம் பார்த்த அதே நோட்டாதான்: மேலே உள்ள எதுவும் இல்லை. அதனால் விடைகளைப் போட்டுப் பார்த்துக் கழித்துக்கட்டும் உத்தி இங்கே பாதிதான் பலிக்கும்.

ஏஎம்சி: தனி ஆளின் வழி

1950இல் தொடங்கிய தேர்வு. நவம்பரில் ஏ, பி என்று இரண்டு தேதிகள், இரண்டு வேறு தாள்கள். பத்தாம் கிரேடு வரை ஏஎம்சி 10, பன்னிரண்டு வரை ஏஎம்சி 12. பத்தில் டிரிக்னாமெட்ரியும் லாகரிதமும் வராது, பன்னிரண்டில் வரும், கால்குலஸ் இரண்டிலும் கிடையாது. கால்குலேட்டரும் கூடாது. இரண்டு தேதியிலும் எழுதலாம். ஒரே தேதியில் பத்தையும் பன்னிரண்டையும் சேர்த்து எழுத முடியாது.

சரியானால் 6, காலியாக விட்டால் 1.5, தப்பானால் பூஜ்யம். இந்த ஒன்றரைப் புள்ளியை மதிக்காதவர்கள்தான் ஏஐஎம்இ வாய்ப்பைக் கோட்டைவிடுகிறார்கள். 15 சரி, 10 காலி என்றால் 90 கூட்டல் 15, மொத்தம் 105. அதே 15 சரியோடு மிச்சம் பத்தையும் குத்துமதிப்பாக நிரப்பி எல்லாம் தப்பானால் 90. ஏஎம்சி 10இல் தகுதிக் கோடு ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் 90களின் நடுவிலிருந்து 100ஐக் கொஞ்சம் தாண்டிய இடம் வரைதான் நின்றிருக்கிறது. அந்த 15 புள்ளி எவ்வளவு பெரியது என்று இப்போது தெரியும்.

எப்போது குத்தலாம்? கண்ணை மூடிக்கொண்டு ஐந்தில் ஒன்றைக் குத்தினால் சராசரியாகக் கிடைப்பது 1.2, காலியாக விடுவது மேல். ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரி 1.5, இரண்டும் சமம். இரண்டை நீக்கினால் 2, அப்போது குத்துங்கள். பிள்ளைக்கு நினைவில் நிற்க வேண்டிய வரி ஒன்றுதான்: இரண்டு நீங்கினால் குத்து, இல்லாவிட்டால் விடு.

ஏஎம்சியின் பலம், தனியாக, சொந்த வேகத்தில், பள்ளி நேரத்துக்கு வெளியே தயாராகலாம் என்பது. பழைய தாள்களும் தீர்வுகளும் ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவீனமும் அதே தனிமைதான். வருடத்தில் ஒன்றோ இரண்டோ நாள். அன்று காய்ச்சல் வந்தால் போயிற்று. லீக்கில் ஒரு மீட் சொதப்பினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். ஒன்பதாம் கிரேடு முழுவதையும் ஒரு நவம்பர் காலைக்காகச் செலவழித்து, தகுதிக் கோட்டை ஆறு புள்ளியில் தவறவிட்டு, கணக்கே வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு தவறு பாட வேகத்தைத் திறமை என்று எண்ணுவது. எட்டாம் கிரேடிலேயே அல்ஜீப்ரா டூ, பத்தில் கால்குலஸ் என்று ஓட்டிவிட்ட பிள்ளை ஏஎம்சி 10இல் தடுமாறினால் வீட்டில் ஆச்சரியப்படுகிறார்கள். எண்ணிக்கைக் கணக்கு, நிகழ்தகவு, எண்ணியல் மூன்றும் அந்த ஓட்டத்தில் வரவே இல்லை. ஜியோமெட்ரியை மேலோட்டமாகத் தாண்டியிருப்பார்கள். ஏஎம்சியில் பெரும்பங்கு கேட்பது அவற்றைத்தான்.

பதிவு விஷயத்தில் கவனம்: மாணவர் நேரடியாகப் பதிய முடியாது, பள்ளியோ வேறு தேர்வு மையமோதான் நடத்த வேண்டும். உங்கள் பள்ளி நடத்துகிறதா என்று செப்டம்பரிலேயே கேளுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரிலும் இடம் இருக்காது.

ஊர் தாண்டிப் போகும் அணிகள்

மேத் டீமில் ஒரு வருடம் இருந்து, லீக் கணக்குகள் சுலபமாகத் தோன்ற ஆரம்பித்தவர்களுக்கு அடுத்த வாசல் இது. வட்டார அணிகள் மோதும் ஏஆர்எம்எல் போட்டி மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் சில பல்கலைக்கழக வளாகங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். அணிக்கு 15 பேர். பள்ளி அணியைவிட, ஒரு கவுண்டி அல்லது மாநிலப் பகுதி முழுவதும் சேர்ந்த அணிதான் பெரும்பாலும் போகும். ஹெச்எம்எம்டி நவம்பரிலும் பிப்ரவரியிலும். பிரின்ஸ்டன், கார்னகி மெலன், ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி மாணவர்களும் இதே மாதிரி போட்டிகளை நடத்துகிறார்கள். பயணம், தங்கும் செலவு, உடன்போகப் பெரியவர் ஒருவர் என்று குடும்பத்தின் மேல் பாரம் கூடும். ஒன்பதாம் கிரேடில் இதற்காகத் துடிக்க வேண்டியதில்லை.

ஆனால் ரிலேவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அணி என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கேதான் தெரியும். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். பேசக் கூடாது. முதல் ஆளின் விடை இரண்டாவது ஆளின் கணக்கில் ஓர் எண்ணாக நுழையும், இரண்டாவதின் விடை மூன்றாவதில். மூன்றாவது ஆள் கொடுக்கும் விடைக்கு மட்டும்தான் புள்ளி. மொத்தம் 6 நிமிடம். 3 நிமிடத்திலேயே சரியாகக் கொடுத்தால் கூடுதல் புள்ளி.

இப்படி ஒரு ரிலே என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு: 2இன் 100ஆம் அடுக்கை 9ஆல் வகுத்தால் மீதி என்ன? இரண்டாம் ஆளுக்கு: இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, உனக்கு வரும் எண், பெருக்கற்பலன் 12, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்ன? மூன்றாம் ஆளுக்கு: உனக்கு வரும் எண்ணைப் பரப்பளவாகக் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம் என்ன?

புதிதாக வந்த இரண்டாம் ஆள் பேனாவை வைத்துவிட்டு முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழகியவர் எண் வருவதற்கு முன்பே வேலையை முடித்திருப்பார்: வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பது, வரும் எண்ணின் வர்க்கத்திலிருந்து 24ஐக் கழிப்பது. மூன்றாம் ஆளும் எழுதி வைத்திருப்பார்: வரும் எண்ணை இரட்டிப்பாக்கி வர்க்கமூலம். இதற்குள் முதல் ஆள் கண்டுபிடித்திருப்பார்: 2இன் ஆறாம் அடுக்கு 64, ஒன்பதால் வகுத்தால் மீதி 1, நூறில் ஆறு ஆறாகப் போனால் மிச்சம் நான்கு, 16க்கு மீதி 7. ஏழு என்று தாள் பின்னால் போகும். 49இல் 24 போனால் 25. ஐம்பதின் வர்க்கமூலம், அதாவது 5 பெருக்கல் வர்க்கமூலம் 2. எண் கைக்கு வந்த பிறகு பின்னால் இருக்கும் இருவருக்கும் ஆளுக்குப் பத்து விநாடி வேலை.

முதல் ஆள் தவறி 4 என்று அனுப்பினால் இரண்டாவதில் −8 வரும். எதிர்மறைப் பரப்பளவில் சதுரம் ஏது? முன்னால் ஏதோ பிசகு என்று மூன்றாம் ஆளுக்கு அங்கேயே புரிந்துவிடும். ஆனால் அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. அதனால் முதல் ஆள் விடையை அனுப்பிய பிறகும் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பென்றால் திருத்திய எண்ணைத் திரும்ப அனுப்பலாம். முதல் இருக்கைக்கு வேகமானவரைவிடப் பிசகாதவரைப் போடுவது ஏன் என்று இதில் விளங்கும்.

கடிகாரம் பிடிக்காத பிள்ளைக்கு

கணக்கில் உண்மையான ஆசை, ஆனால் டைமரைப் பார்த்தாலே கை நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் மேத் டீம் பொருந்தாதவர்கள் என்று மேலே சொன்னோம். அவர்களுக்கு யுஎஸ்ஏஎம்டிஎஸ். 1989இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. கல்வியாண்டில் மூன்று சுற்று, சுற்றுக்கு 5 கணக்கு, கணக்குக்கு 5 புள்ளி, ஆக 75. புத்தகம் பார்க்கலாம், கம்ப்யூட்டர் பயன்படுத்தலாம், இன்னொரு ஆளிடம் கேட்கக் கூடாது. அப்பா அம்மாவும் இன்னொரு ஆள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சுற்றின் முதல் கணக்கு பெரும்பாலும் கட்டப் புதிர். விடையை நிரப்பினால் போதும். மிச்சத்துக்கு நிரூபணம் வேண்டும். ஒன்பதாம் கிரேடு பிள்ளை முதலில் எழுதுவது நிரூபணமாக இருக்காது: நாலு உதாரணம் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது, ஆகவே உண்மை என்று எழுதும். புள்ளி குறையும். திருத்துபவர்கள் எழுதி அனுப்பும் குறிப்பு அதற்குப் பிறகு வரும். அந்தக் குறிப்பைப் படித்து அதே கணக்கைத் திரும்ப எழுதிப் பார்ப்பதுதான் இதில் கிடைக்கும் பயிற்சி. சுற்றுக்கு இரண்டு கணக்கு முழுதாக எழுதினாலே முதல் வருடத்துக்கு நல்ல தொடக்கம். கடைசி நாள் ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்குபவருக்கு இது உதவாது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

பள்ளியில் அணியே இல்லாவிட்டால்

ஒரு ஆசிரியரும் நாலைந்து மாணவர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். பஸ்ஸும் பயணமும் வேண்டாத போட்டிகள் உண்டு. மேத் லீக் நிறுவனத்தின் ஹைஸ்கூல் போட்டி பள்ளியிலேயே நடப்பது: வருடத்துக்கு ஆறு முறை, முறைக்கு 30 நிமிடம், 6 கணக்கு; மேலான ஐந்து பேரின் புள்ளிகள் பள்ளியின் கணக்கில் சேரும். வசந்த காலத்தில் பர்ப்பிள் காமெட் என்ற ஆன்லைன் போட்டி இலவசம். ஆறு பேர் வரை ஓர் அணி, ஹைஸ்கூல் பிரிவுக்கு 90 நிமிடத்தில் 30 கணக்கு, மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவர். இந்த இரண்டையும் ஒரு வருடம் நடத்திக் காட்டினால், அடுத்த வருடம் லீக்கில் சேரப் பள்ளியிடம் கேட்பது சுலபம்.

நாட்காட்டியும் கல்லூரியும்

எங்கள் வீடுகளில் சனிக்கிழமைக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு: தமிழ்ப் பள்ளி, பரதநாட்டியம், பாட்டு வகுப்பு. லீக் மீட் பெரும்பாலும் வாரநாள் மதியம் நடப்பதால் மோதாது. பள்ளிகள் அழைத்து நடத்தும் யுஐஎல் இன்விடேஷனல் போட்டிகளும் பல்கலைக்கழகப் போட்டிகளும் சனிக்கிழமையில் வரும். வருடத்தில் எத்தனை சனிக்கிழமை போகும் என்று சேர்வதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் கிரேடில் நவம்பர் ஏஎம்சி, கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் அனுப்பும் நாட்களோடு மோதும். போட்டியில் தீவிரமாக இறங்க வேண்டிய வருடங்கள் பத்தும் பதினொன்றும்தான்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு எது எடுபடும் என்பதை வைத்து ஒன்பதாம் கிரேடில் முடிவெடுக்காதீர்கள். ஏஐஎம்இ புள்ளியைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு என்பது உண்மை. அந்தப் புள்ளியை எடுப்பவர்கள் மூன்று நான்கு வருடம் கணக்கோடு இருந்தவர்கள், அப்படி இருக்க வைத்தது பெரும்பாலும் கூட இருந்த நண்பர்கள்.

ஆக, உங்கள் பள்ளியில் உயிரோட்டமான மேத் டீம் இருந்தால் அதில் சேர்த்துவிட்டு நவம்பரில் ஏஎம்சி 10 எழுதட்டும். அணி பெயருக்கு மட்டும் இருந்தால் மீட்டுகளுக்குப் போகட்டும், வாரம் ஒரு பழைய ஏஎம்சி தாளை வீட்டில் போடட்டும். நடுநிலைப் பள்ளியில் மேத்கவுன்ட்ஸ் என்ற கணக்குப் போட்டியில் மாநிலச் சுற்று வரை போய்வந்த பிள்ளைக்கு இந்த வரிசை தலைகீழ்: லீக் முதல் மாதமே சலித்துவிடும், நேரே ஏஐஎம்இ தாள்களையும் வட்டார ஏஆர்எம்எல் அணியின் தேர்வையும் பார்க்கலாம். டைமர் பிடிக்காதவர் யுஎஸ்ஏஎம்டிஎஸ்ஸில் தொடங்கி, விருப்பம் வந்தால் அடுத்த வருடம் அணிக்கு வரட்டும்.

பட்டியலில் பெயர் எழுதிய அந்த வாரமே கோச்சிடம் மூன்று கேள்வி கேட்டுவிடச் சொல்லுங்கள், பிள்ளையே கேட்கட்டும்: வாரம் எத்தனை நாள் பயிற்சி, அங்கே உண்மையில் என்ன செய்கிறீர்கள்? இந்த வருட மீட்டுகளின் தேதியும் தலைப்பும் கிடைக்குமா? ஒன்பதாம் கிரேடு மாணவர்கள் போன வருடம் எத்தனை மீட்டில் எழுதினார்கள்? மூன்றாவதற்குக் கிடைக்கும் பதில் பூஜ்யம் என்றால், பெயரை எடுக்க வேண்டாம். ஆனால் ஏஎம்சிக்கு அந்த வாரமே பதிந்துவிடுங்கள்.